முருகேசரை ஏகமனதாகக் கிளாசில் வெட்டிய வரலாறு

மனித நாகரிகம் இதுவரை மூன்று பெரும் பாய்ச்சல்களைக் கண்டிருக்கிறது. முதலாவது, மனிதன் கல்லில் எழுதத் தொடங்கியது. இரண்டாவது, காகிதத்தில் எழுதத் தொடங்கியது. மூன்றாவது, சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், என் கடையில், கண்ணாடிக் கிளாசில் எழுதத் தொடங்கியது. முதலிரண்டையும் ஆராய்ந்து பலர் பட்டம் வாங்கிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி எழுத ஆளில்லாதபடியால், தன்னடக்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு நானே எழுதுகிறேன்.

என் பெயர் ஏரம்பு. முப்பது வருடம் அச்சகம் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வந்து சாப்பிட்டவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது. செத்தவரின் படம், வம்சாவழி, அவர்மேல் பாடிய புலம்பல் எல்லாம் அச்சடித்த ஒரு சிறு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். முழுக்கக் காகிதம்தான்; ஆனாலும் அதற்குக் 'கல்வெட்டு' என்று பெயர். வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று நாங்களும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஒருநாள் கோயில் வீதியில் கச்சான் கடலை வாங்கினேன். சுருளைப் பிரித்தால் உள்ளே நான் பாடிய வெண்பா. நாலாவது அடியில் உப்பு ஒட்டியிருந்தது. அன்றைக்கே லேசர் மெஷின் வாங்குவதென்று தீர்மானித்தேன். கிளாசில் கச்சான் சுற்ற முடியாது அல்லவா?

மெஷின் வந்தபிறகு ஊரில் சாவுக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. ஈரக் கடதாசியைக் கிளாசில் சுற்றி மெஷினுக்குள் படுக்க வைத்தால் அது மெல்ல உருளும். மேலே ஒரு சிவப்புப் பொட்டு ஊர்ந்து போகும். வெட்டி முடிந்து கடதாசியை உரித்தால், மூக்கு, மீசை, நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றோடும் வெள்ளை வெளேரென்று ஒரு முகம். உயிரோடு இருந்தபோது ஒருவரும் திரும்பிப் பாராத ஆட்களெல்லாம் என் கிளாசில் தெய்வக்களையோடு இருந்தார்கள்.

இனி முருகேசருக்கு வருவோம்.

ஏழாலை முருகேசருக்கு வயது எழுபத்தெட்டு. செம்மண்ணில் வெங்காயம் செய்தே மூன்று பிள்ளைகளையும் விமானம் ஏற்றியவர். மூத்தவன் தயாபரன் கனடாவில், நடுவில் சிவகௌரி லண்டனில், கடைசி கேதீஸ்வரன் சுவிஸில். மனைவி காலமாகி ஒன்பது வருடம். பக்கத்து வளவுக் குணலட்சுமி, புருஷன் இல்லாதவள், அவருக்கும் சேர்த்து ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு புதன்கிழமை காலை, பிடி கட்டிய வெங்காயத்தைக் கொட்டிலில் தூக்குவதற்கு முருகேசர் வாங்குப் பலகையில் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை, விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை தெளிவாகச் சொன்னாளாம். உடனே ஒப்பரேசன் செய்தால் எழும்பி நடப்பார். நாள் கடத்தினால் படுக்கைப்புண், நெஞ்சுச் சளி, பிறகு ஒன்றும் சொல்ல முடியாது. இருதயம் கொஞ்சம் பலவீனம். ஆனாலும் செய்வதுதான் நல்லது. கையெழுத்து வையுங்கள் என்றாள்.

"பிள்ளையளைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார் முருகேசர்.

"ஐயா, உங்கடை உடம்புக்கு நீங்கள் வைச்சாக் காணும்."

"இல்லைப் பிள்ளை. அவையைக் கேக்காமல் நான் கிணத்துக்கு மோட்டரும் மாத்தினதில்லை. அவை ஓம் எண்டால் எனக்கும் ஓம்."

எவ்வளவு உயர்ந்த பண்பு! பிள்ளைகள் பெற்றோரைக் கேட்டு நடப்பது பழைய நாகரிகம். பெற்றோர் பிள்ளைகளைக் கேட்டு எலும்பை ஒட்டுவது புதியது.

பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமையே தயாபரன் எனக்கு அழைப்பு எடுத்தார்.

"அங்கிள், அப்பா விழுந்திட்டாராம்."

"ஓம் தம்பி, கேள்விப்பட்டனான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"ஐயோ அங்கிள், உங்களுக்கு என்னத்துக்குக் கரைச்சல்? நான் அதுக்கு எடுக்கேல்லை. முன்னூறு கிளாஸ் வெட்ட உங்களுக்கு எத்தினை நாள் வேணும்?"

எத்தனையோ வீடுகளுக்குக் கிளாஸ் வெட்டியிருக்கிறேன். எல்லாரும் சவம் எடுத்தபிறகுதான் வருவார்கள். இவ்வளவு 'முன்னேற்பாடு' உள்ள பிள்ளையை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

தயாபரன் விளக்கினார். போன வருடம் எதிர்வீட்டு இரத்தினம்மாவின் அந்தியேட்டிக்கு விளிம்பில் பொன்நிறப் பூச்சு வைத்த கிளாஸ் கொடுத்தார்கள். அதன் படம் கனடா முழுக்கச் சுற்றியது. இந்த நிலையில் அப்பாவுக்கு ஏதும் நடந்து, கடைசி நேரத்தில் அவசரமாகச் சாதாரணக் கிளாஸ் கொடுக்க நேர்ந்தால் குடும்பம் தலைநிமிர முடியுமா?

"அப்பாவுக்கு ஒண்டும் நடக்காது அங்கிள். நான் நல்லாய்க் கும்பிடுறன். ஆனாலும் ஆயத்தமாய் இருக்க வேணும்."

அடுத்தநாள் சனிக்கிழமை, இங்கே மாலை ஏழரைக்கு, 'முருகேசர் குடும்ப ஒன்றியத்தின்' முதலாவது சூம் கூட்டம் நடைபெற்றது. தலைவர் தயாபரன். கௌரவ செயலாளராக என்னை அவர் முன்மொழிய, சிவகௌரி வழிமொழிந்தார். கேதீஸ்வரனின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். நிகழ்ச்சிநிரலைத் தலைவர் வாசித்தார். முதலில் கிளாஸ். அடுத்தது பாட்டும் பெயர்களும். மூன்றாவது 'ஏனையவை'.

"அப்பாவின்ரை ஒப்பரேசன் எதுக்குள்ளை வருது?" என்று சிவகௌரி கேட்டார்.

"ஏனையவைக்குள்ளை வருது. ஒழுங்காய் வருவம்."

ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு. தயாபரன் கால் வைத்த ஒய்யாரமான கிளாஸ் ஒன்றின் படத்தைத் திரையில் காட்டினார்.

"உது வைன் குடிக்கிற கிளாஸ் எல்லோ!" என்று சிவகௌரி அலறினார். "சைவ ஆக்களின்ரை அந்தியேட்டியிலை வைன் கிளாசோ? ஐயர் என்ன நினைப்பார்?"

"அதிலை மோர் குடிக்கலாம்தானே" என்றார் கேதீஸ்வரன், உறைவு நீங்கி.

"அப்பா வாழ்க்கையிலை ஒரு சொட்டுத் தொட்டதில்லை!"

"அப்ப சாராயம் குடிக்கிற கட்டைக் கிளாசும் சரிவராது."

இரண்டு மணித்தியாலம் ஆராய்ந்தோம். உயரமான, நேரான, எந்தப் பாவமும் அறியாத தண்ணீர்க் கிளாஸ் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டது. விளிம்பில் பொன்நிறம் இரத்தினம்மாவுடையதைவிட ஒரு நூல் அகலம். அதற்குள் சுவிஸில் பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப்போகும் நேரம் வந்துவிட்டபடியால், கூட்டம் இனிதே ஒத்திவைக்கப்பட்டது.

ஞாயிறு காலை குணலட்சுமி கடை வாசலில் வந்து நின்றாள். கையில் சூப் போத்தல். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவள்.

"ஏரம்பண்ணை, ஐயான்ரை பிள்ளையள் நான் எடுத்தாப் போன் தூக்கினம் இல்லை. நீங்கள் அவையோடை நெடுகக் கதைக்கிறியளாம். ஒப்பரேசனுக்கு என்ன சொல்லுகினம்? டொக்டர் நேற்றே கேட்டவ."

"பிள்ளை, அது மூண்டாவது விடயம். நாங்கள் நேற்று ஒண்டாவதைத்தான் முடிச்சனாங்கள்."

"என்ன ஒண்டாவது?"

"அது உள்வீட்டு விசயம். கூட்டத்திலை கதைச்சதை வெளியாக்களுக்குச் சொல்லக்கூடாது."

"மனுசன் நோவிலை விடிய விடியக் கத்துது அண்ணை. ஒரு சொல்லு, ஓம் எண்டோ இல்லை எண்டோ. அதுக்கு என்ன கூட்டம்?"

படிப்பறிவு குறைந்தவர்களிடம் இதுதான் தொல்லை. ஒரு விடயத்தை உரிய முறையில் அணுகும் பொறுமை அவர்களுக்குக் கிடையாது. நோவென்றால் உடனே மருந்து, பசியென்றால் உடனே சோறு. அவளை இரக்கத்தோடு பார்த்து, "இண்டைக்குப் பின்னேரம் இரண்டாம் கூட்டம் இருக்கு, கெதியிலை மூண்டாவது விடயத்துக்கு வந்திடுவம்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் கூட்டத்தில் என் பாட்டை அரங்கேற்றினேன்.

எத்தனையோ வைத்தியங்கள் எடுத்தெடுத்துச் செய்தோமே
இத்தரையில் உம்முயிரை இருத்திவைக்க முடியலையே
பத்திரமாய்ப் பக்கமிருந்து பால்பருக்கி நின்றோமே
உத்தமரே எம்அப்பா உறங்கினீர் எம்மடியில்.

இதுவரை நாற்பத்தொரு பேருக்குப் பாடிய பாட்டு இது. 'அப்பா' இருக்கும் இடத்தில் 'அம்மா' வரும், ஒரேயொரு வீட்டில் 'பெரியப்பா' வந்தது. ஒருவரும் குறை சொன்னதில்லை, செத்தவர்களும் சொன்னதில்லை. தயாபரன் கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மியூட்டில் இருந்தார். சிவகௌரி, "அப்பிடியே எங்கடை மனசிலை இருக்கிறதை எழுதியிருக்கிறியள் அங்கிள்" என்றார். பாட்டு ஏகமனதாக நிறைவேறியது.

பெயர்களில்தான் கொஞ்சம் இழுபட்டது. மருமக்கள், பேரப்பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பட்டங்கள், இன்னும் படித்து முடியாத பட்டங்கள். கேதீஸ்வரன் தன் வீட்டு நாய் புறூனோவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார்.

"அது எங்களுக்குப் பிள்ளை மாதிரி. அப்பாவோடை வீடியோவிலை கதைக்கேக்கை அதுதான் கடைசி வரைக்கும் நிக்கும். நாங்கள் எழும்பிப் போயிடுவம்."

நியாயமான கோரிக்கை. 'பாசமிகு' என்ற தலைப்பின் கீழ் புறூனோவும் சேர்க்கப்பட்டது. நேரம் போய்விட்டபடியால் 'ஏனையவை' மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் கூட்டம். படம் தெரிவு. இதுதான் பெரிய இடைஞ்சல் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பிள்ளைகளிடமும் தகப்பனின் தனிப்படம் ஒன்று இல்லை. சிவகௌரியின் கலியாண அல்பத்தில், தாலி கட்டும்போது பின்னால் நின்ற பத்துப் பேரில் ஒருவராக அவர் இருந்தார். சிவகௌரி அனுப்பிய பிரதியிலிருந்து தலையை மட்டும் எடுத்துப் பெருப்பித்தேன். பெருப்பித்தபோது இடக்கன்னத்தில் ஒரு மச்சம் தெரிந்தது.

"படம் மாறி விழுந்திருக்கு" என்றார் தயாபரன். "அப்பாவுக்கு மச்சம் வலப்பக்கம்."

"இடப்பக்கம்தான்!" என்றார் சிவகௌரி. "நான் லண்டனுக்கு வெளிக்கிடேக்கை அந்த மச்சத்திலைதான் கொஞ்சினனான். எனக்குத் தெரியாதோ?"

"அண்ணை சொல்லுறதுதான் சரி. வலம்" என்றார் கேதீஸ்வரன்.

"நீ கதையாதை. நீ போகேக்கை உனக்குப் பத்தொன்பது வயசு, நீ அப்பான்ரை முகத்தைப் பாத்தனியோ, பாஸ்போட்டைப் பாத்தனியோ?"

வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று. சிவகௌரி அழத் தொடங்கினார். மூன்று நாடுகளிலும் பதற்றம் நிலவியது. இந்த நெருக்கடியில்தான் கண்ணாடி என்னும் பொருளின் மகத்துவம் எனக்குப் பளிச்சிட்டது.

"பிள்ளையள், கிளாசிலை ஊடு தெரியும்தானே. முன்னாலை நிண்டு பாத்தால் மச்சம் இடப்பக்கம். மற்றப்பக்கம் திருப்பி ஊடாலை பாத்தால் வலப்பக்கம். மூண்டு பேரும் சொல்லுறது சரி."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. காகிதத்தில் இந்தச் சமாதானம் சாத்தியமா? தயாபரன் உடனடியாக வெட்டத் தொடங்கும்படி பணித்தார். சிவகௌரி மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கும் ஒருக்கா நேரிலை போய்ப் பாத்திட்டு வாங்கோ அங்கிள், எனக்குத்தான் சரியாய் ஞாபகம் எண்டு அவைக்குத் தெரிய வேணும்" என்றார். அதன்பின் 'ஏனையவை' எடுத்துக்கொள்ளப்பட்டது. "அப்பா ஸ்ட்ரோங்கான ஆள்" என்று தயாபரன் சொல்ல, எல்லாரும் ஆமோதித்தார்கள். ஒப்பரேசன் பற்றி வரும் சனிக்கிழமை 'விரிவாக' ஆராய்வதென்று முடிவாயிற்று.

புதன்கிழமை மத்தியானம், வெட்டிய முதல் கிளாசை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடையில் மெஷின் மற்றவற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

முருகேசர் எட்டு நாளில் பாதியாகியிருந்தார். குணலட்சுமி தலைமாட்டில் இருந்து கரண்டியால் சூப் பருக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அந்த மனுஷனின் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். எழும்பப் பார்த்தார், நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சரிந்தார்.

"ஏரம்புவே? வா, வா, இரு. பிள்ளையள்தானே அனுப்பினவை? ஓம் எண்டிட்டினமோ?"

"அண்ணை, அந்தக் கன்னத்தை ஒருக்காத் திருப்புங்கோ."

திருப்பினார். ஒன்றும் இல்லை.

"மற்றக் கன்னம்?"

அதிலும் இல்லை. நாடியிலும் இல்லை, நெற்றியிலும் இல்லை.

"உங்கடை மச்சம் எங்கை அண்ணை?"

"எனக்கு ஏதடா மச்சம்? மச்சம் இருந்தா நான் ஏன் வெங்காயம் செய்யிறன்?"

பிறகு வீட்டுக்குப் போய்க் கலியாணப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அது அல்பத்தில் ஈ இட்ட எச்சம். ஆனால் அந்த இடத்தில் எனக்கு அது தெரியாது. நான் குழம்பிப்போய் நின்ற நேரத்தில் குணலட்சுமி துணியைப் பிரித்துவிட்டாள்.

"ஐயோ, என்ன வடிவான கிளாஸ். ஐயா, உங்கடை படம்!" என்றவள், மேலே இருந்த எழுத்தை வாசித்ததும் அப்படியே நிறுத்திவிட்டாள். "அமரர்..."

"தா இஞ்சை" என்றார் முருகேசர்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிளாசை யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் காது கொடுத்தார்கள். எத்தனையோ வைத்தியங்கள் எடுத்தெடுத்துச் செய்தோமே. பக்கமிருந்து பால்பருக்கி. உறங்கினீர் எம்மடியில். புறூனோ வரை ஒரு பெயர் விடாமல் வாசித்தார். குணலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கு நெஞ்சுக்குள் வெட்கம் போல ஒன்று எழும்பியது. மத்தியானம் சாப்பிட்ட மரவள்ளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாட்டு நீ எழுதினதோ?"

"ஓம் அண்ணை."

"நல்லாயிருக்கு. பிள்ளையள் வாசிச்சவையோ?"

"மூண்டு பேரும் வாசிச்சவை. ஏகமனதாய்ச் சரி எண்டவை. மூத்தவர் அழுதும் போட்டார்."

"அப்ப இது அவையின்ரை வாய்ச்சொல்லுத்தான்?"

"ஓம், அவையின்ரை சொல்லுத்தான். கடைசி மட்டும் அழியாது."

முருகேசர் கிளாசை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் முகட்டைப் பார்த்தார். கண்ணோரம் ஈரம் இறங்கியது. பிறகு புறங்கையால் துடைத்துவிட்டு, சந்தையில் தரகரோடு விலை பேசும் குரலில் சொன்னார்:

"பிள்ளை குணம், டொக்டரைக் கூப்பிடு."

டொக்டர் பிள்ளை வந்தாள். முருகேசர் கிளாசை அவளிடம் நீட்டினார்.

"என்ரை பிள்ளையள் எழுத்திலை தந்திட்டினம். வாசியுங்கோ."

அவள் முன்பக்கம் வாசித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஐயா, இது..." என்று இழுத்தாள்.

"எத்தினையோ வைத்தியம் செய்தம் எண்டு போட்டிருக்கினம். மூண்டு பேரின்ரை பேரும் இருக்கு, மருமக்களின்ரையும் இருக்கு, நாயின்ரையும் இருக்கு. என்ரை பிள்ளையள் பொய் சொல்ல மாட்டினம். நீங்கள் வைத்தியத்தைச் செய்யாட்டித்தான் அது பொய்யாப் போகும். கொண்டாங்கோ அந்தக் கடதாசியை."

கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பால் பருக்கினது எண்டதையும் சரியாக்க வேணும் ஏரம்பு. சூப்தான் பருக்கினது, பருக்கினது இந்தப் பிள்ளை. உன்ரை கிளாசிலை இவளின்ரை பேர் எங்கை?" என்றார்.

"அவ குடும்ப ஒன்றியத்திலை அங்கத்தவர் இல்லை அண்ணை" என்று விதியை விளக்கினேன்.

வியாழக்கிழமை ஒப்பரேசன் நடந்தது. சனிக்கிழமை கட்டிலில் எழுப்பி இருத்தினார்கள்.

அன்று மாலை நான்காவது கூட்டம். நான் நடந்ததை அறிக்கையாகச் சமர்ப்பித்தேன். சிறிதுநேரம் மூவருமே உறைந்து நின்றார்கள், இணைப்பில் பழுதில்லை.

"எங்களைக் கேக்காமலோ?" என்றார் தயாபரன்.

"கேட்டவர் தம்பி. எட்டு நாள் கேட்டவர்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் பணித்தார்.

"அப்பா இனி நடப்பாரோ அங்கிள்?" என்று சிவகௌரி கேட்டார். நடப்பார் என்றேன். மச்சத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் காமராவை நிறுத்திவிட்டார். கறுப்புச் சதுரத்தில் பெயர் மட்டும் தெரிந்தது. மற்ற இருவரும் சந்தோஷம் தெரிவித்தார்கள். அந்தச் சந்தோஷம் உண்மைதான், அதை நான் மறுக்க மாட்டேன். பிறகு தயாபரன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப நான் ஊருக்கு வரப் போட்டு வைச்ச பிளேன் ரிக்கெட்டைக் கான்சல் பண்ணுறன். அப்பா சுகமாய் இருக்கிறார் எண்டால் இப்ப வந்து என்ன செய்யிறது? லீவை வீணாக்கேலாது. பேந்து தேவைப்படேக்கை லீவு இல்லாமல் நிக்கக்கூடாது."

எவ்வளவு சிக்கனம்! கேதீஸ்வரனும் அவ்வாறே தீர்மானித்தார்.

"கிளாஸ் இருநூற்றிப்பத்து முடிஞ்சுது. மிச்சத்தையும் வெட்டவோ, நிப்பாட்டவோ?" என்று கேட்டேன்.

"வெட்டுங்கோ அங்கிள். எப்பிடியும் எப்பவோ தேவைதானே. பழுதாப்போற சாமானோ?"

"மச்சத்தை எடுத்துப்போட்டு வெட்டட்டோ?"

மூவரும் ஆலோசித்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் சபைக்கு அழகு என்று முடிவாயிற்று. ஆகவே மச்சம் தொடர்ந்தது.

இரண்டு மாதம் கழிந்தது. முன்னூறு கிளாசும் பெட்டி பெட்டியாக என் கடைச் சுவரோடு அடுக்கியிருந்தன. ஒருநாள் காலை வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நாலு கால் வைத்த ஊன்றுகோலோடு முருகேசர் இறங்கினார். குணலட்சுமி பின்னால் நின்றாள், கை கொடுக்கவில்லை. அவர் தானாகவே மூன்று படி ஏறினார்.

"எங்கை என்ரை சாமான்? எடு பாப்பம்."

நான் பெருமிதத்தோடு ஒரு பெட்டியைத் திறந்தேன். தன் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சந்தையில் வெங்காயம் பார்ப்பதுபோல உருட்டிப் பார்த்தார். ஒரு கிளாசின் அடிப்பக்கத்தில் விரல் நின்றது.

"மலர்வு எண்டதுக்குப் பக்கத்திலை நான் பிறந்த திகதி கிடக்கு. உதிர்வு எண்டதுக்குப் பக்கத்திலை ஒண்டுமில்லை. என்னத்துக்கு வெறும் இடம்?"

"அது... அதைப் பிறகு வெட்டலாம் அண்ணை. எங்கடை பக்கத்து வேலை எல்லாம் முடிஞ்சுது. உங்களிட்டை இருந்துதான் அந்தத் திகதி இன்னும் வரேல்லை."

"ஓ. என்னாலைதான் சுணக்கமோ?"

"அப்பிடி நான் சொல்லேல்லை அண்ணை."

அவர் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு என் கதிரையில் இருந்தார். குணலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கடை முதல் கூட்டம் எண்டைக்கு வைச்சனீங்கள்? எனக்கு அந்த ஒழுங்குகள் தெரியாது."

செயலாளன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்குக் குறிப்புக் கொப்பி பார்க்கத் தேவையில்லை. "ஆனி பதினாலு, சனிக்கிழமை. மூண்டு பிள்ளையளும் நானும் ஒரு நிமிசம் பிந்தாமல் வந்திருந்தம்" என்றேன்.

"அப்ப ஆனி பதினாலு எண்டு வெட்டு. முன்னூறிலையும் வெட்டு."

நான் பதறிப்போனேன். தொழிலில் ஒரு நேர்மை வேண்டாமா? "என்ன கதை அண்ணை இது! ஆனி பதினாலு நீங்கள் உயிரோடை எல்லோ இருந்தனீங்கள்!"

"அது எனக்குத் தெரியும் ஏரம்பு" என்றார் முருகேசர். "உங்கள் நாலு பேருக்கும்தான் தெரியேல்லை."